புதிய எருசலேம் தேவாலயக் கல்விப் பணி, தரங்கம்பாடி

ஒருகாலத்தில் டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடியின் ராஜ வீதியில், முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடிச்சின்னத்தோடு நிற்கும் புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதைச் சார்ந்த கல்விப் பணி கட்டடத்தைவிடப் பத்தாண்டுக்கு மேல் மூத்தது.

1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இங்கே முதலில் மாணவர்தான். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் 1708இல் ஜெர்மனில் பெயர்த்தார். அவர் தொடங்கிய பள்ளிகளிலும் மணலும் ஓலையும் எழுத்தாணியும் மனப்பாடமும் அப்படியே தொடர்ந்தன. கிறிஸ்தவ ஞானோபதேசம் புதிதாகச் சேர்ந்தது. மேல்நாட்டுக் கல்வி கப்பலில் வந்து இறங்கியது என்பது பாதி உண்மைதான்.

1707லேயே தமிழ்ப் பள்ளி, போர்த்துகீசியப் பள்ளி, பெண் பிள்ளைகளுக்கான பள்ளி ஆகியவை நடந்தன. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் சீகன்பால்குவின் மிஷனே கொடுத்தது. வேதம் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர், சோற்றுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை. சாதி பார்த்துத் தனித்தனியே உட்காரவைக்கும் வழக்கத்தை மட்டும் இப்பள்ளிகள் விட்டொழிக்கவில்லை.

பள்ளி வளர வளரப் புத்தகம் தேவைப்பட்டது. 1712இல் லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தைத் தின்றன. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. 1716இல் உபதேசிமார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்தார். அவர் கல்லறை தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

1750இல் தரங்கம்பாடிக்கு வந்த மற்றொரு ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் பின்னர் தஞ்சாவூரில் தங்கினார். 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற முன்னின்றார். இவற்றுக்கு அரசர்களும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பணம் கொடுத்தார்கள். படித்தவர்களுக்கு உத்தியோகம் என்ற புதுக் கவர்ச்சியும் சேர்ந்தது. சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த தஞ்சாவூர் இளவரசர் இரண்டாம் சரபோஜி, அரசரானபின் முக்தாம்பாள் சத்திரத்தில் இலவசப் பள்ளி நடத்தினார். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸின் மாணவரே, தரங்கம்பாடியிலும் பயின்றவர்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடம் தேவாலயமும் பள்ளிகளும் வந்து சேர்ந்தன. சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.