ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் ஜீவனாம்ச பாக்கி தீருமா?

கோர்ட் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்றபின் பழைய வழக்குகள் அதிகம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் நான் தவறாகச் சொன்ன ஒரு பதில் மட்டும் மறக்கவில்லை.

1984. அப்போது நான் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இளநிலை எழுத்தர். ஒரு நாள் மத்தியானம், கோர்ட் கலைந்த நேரத்தில், ஒரு அம்மா ஜன்னல் பக்கம் வந்து நின்றார். விவாகரத்து ஆனவர். மாதம் 75 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி எம்.சி. வழக்கில் உத்தரவு ஆகியிருந்தது. பதினோரு மாதம் பாக்கி. மனுப் போட்டு, வாரண்ட் போய், புருஷன்காரர் ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"அய்யா, அவர் உள்ளே இருந்துட்டு வந்துட்டாராம். கணக்குத் தீர்ந்துபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்றார். இனிமே அந்தப் பணம் எனக்குக் கிடைக்காதா?"

மேஜையில் கிடந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "தண்டனை அனுபவிச்சாச்சுன்னா அவ்வளவுதாம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அப்போது கோர்ட் வளாகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு என்று எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன் இந்தச் சட்டத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மனைவிக்கும் குழந்தைக்கும் சோறு போடாத ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம் என்பது 1861-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. பெண்ணுக்கு உரிமை கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, திக்கற்றவர்கள் தெருவில் அலையக் கூடாது என்ற கவலைதான் வெள்ளைக்காரர்களுக்கு அதிகம். 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இது 488-ஆவது பிரிவு. நம் வயதுக்காரர்கள் பலருக்கு "488 போட்டிருக்கா" என்று ஊரில் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கும். முதலில் மாதம் 50 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. 1923-ல் அது 100 ஆயிற்று, 1955-ல் 500 ஆயிற்று.

அந்தப் பழைய சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஜீவனாம்சம் "மனைவி"க்குத்தான். விவாகரத்து ஆகிவிட்டால் அவள் மனைவி இல்லை, உத்தரவும் போயிற்று. அதனால் ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்கவே விவாகரத்து செய்தவர்கள் உண்டு. 1973-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம், 1974 ஏப்ரல் 1 முதல், இந்த ஓட்டையை அடைத்தது. 125-ஆவது பிரிவில், மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான பெண்ணும் மனைவி என்றே கொள்ளப்படுவாள் என்று எழுதினார்கள். அவள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றும் வந்தது. அதற்கு முன்னால் புருஷன் இருக்கும் ஊருக்கோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊருக்கோதான் அவள் அலைய வேண்டும்.

ஷா பானு வழக்கு எல்லோருக்கும் தெரியும். இந்தூரில் ஒரு வக்கீல், நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனைவியைத் தலாக் சொல்லி விலக்கிவிட்டார். மாஜிஸ்திரேட் போட்ட தொகை மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 பைசாவாக உயர்த்தியது. அந்த 179 ரூபாய் 20 பைசாவை எதிர்த்துத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-ல் அந்த அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிறகு நடந்த அரசியலும் 1986-ஆம் வருஷத்துச் சட்டமும் தனிக் கதை. 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கிலும், 2024-ல் அப்துல் சமத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்களின் உரிமையை மறுபடி உறுதிசெய்தது.

இதெல்லாம் உத்தரவு வாங்குவதைப் பற்றிய வரலாறு. செய்தித்தாளில் வருவதும் இதுதான். எங்கள் மாதிரி கோர்ட் ஊழியர்கள் தினமும் பார்த்தது அதற்குப் பிறகு நடப்பதை: வசூல்.

சட்டம் சொல்லும் வழி இது. ஒரு மாதம் கட்டவில்லை என்றாலும், அபராதம் வசூலிப்பதுபோல் மாஜிஸ்திரேட் வாரண்ட் போடலாம். ஆளுடைய சாமான்களை ஜப்தி செய்யலாம். கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கிபோல வசூலிக்கவும் வழி உண்டு. அதற்கும் பணம் வராமல், கட்டாததற்குச் சரியான காரணமும் இல்லை என்றால்தான் ஜெயில். ஆள் வேறு ஊருக்கு ஓடிவிட்டாலும், அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே உத்தரவை அமல்படுத்திக்கொள்ளலாம்.

காகிதத்தில் எல்லாம் சரிதான். வாரண்ட்டோடு ஏட்டு போவதற்குள் சைக்கிள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும், பித்தளைப் பாத்திரம் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும். வாய்தா நாளில் நூறு ரூபாய் கட்டிவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்பார்கள். பஸ் செலவு, வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒரு தொகை, அன்றைய கூலி நஷ்டம் எல்லாம் போக அந்தப் பெண் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் போட முடியும். "இன்னிக்குக் கொடுப்பான், நாளைக்குக் கொடுப்பான்" என்று மூன்று வருஷம் பொறுத்திருந்த பெண், முதல் இரண்டு வருஷத்துப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பொறுமையாக இருந்ததற்குக் கிடைத்த பலன் அது.

இனி நான் சொன்ன தவறான பதிலுக்கு வருகிறேன். 1988 நவம்பரில் குல்தீப் கௌர் என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜெயிலில் போடுவது பணத்தை வரவழைப்பதற்கான ஒரு வழி. அதனால் பாக்கி தீர்ந்துபோகாது. பணம் கொடுத்தால்தான் தீரும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். அதை ஆபீசில் சட்ட இதழில் படித்தபோது எனக்கு அந்த ஜன்னலும் அந்த அம்மாவும்தான் நினைவுக்கு வந்தார்கள். பதினோரு மாதம், 825 ரூபாய். பழைய கட்டைத் தேடி எடுத்து விலாசத்தைப் பார்த்தேன். அந்த ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அவர் எங்கோ பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தோடு சரி.

அதன் பிறகும் சட்டம் மெதுவாக நகர்ந்தது. 1999-ல் ஷஹதா கத்தூன் வழக்கில், ஒரு மனுவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஜெயிலில் வைக்க முடியாது, பிறகும் கட்டாவிட்டால் புதிதாக மனுப் போட வேண்டும் என்றார்கள். 2001-ல் 500 ரூபாய் வரம்பை எடுத்துவிட்டார்கள். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கொடுப்பதையும் சட்டத்திலேயே எழுதினார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், இரண்டு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும், உத்தரவைச் சிவில் கோர்ட் பண டிக்ரிபோலவும் நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

சிவில் வழியில் ஒரு நல்லது உண்டு. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கொஞ்சம்தான் ஜப்தி செய்ய முடியும். ஜீவனாம்ச டிக்ரி என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மீதி இரண்டு பங்கைப் பிடிக்கலாம். மாதச் சம்பளக்காரரிடம் இது நன்றாக வேலை செய்யும். ஒரு வேடிக்கையும் உண்டு: சிவில் ஜெயிலில் வைத்தால், உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுக்கு வழக்குப் போட்டவர்தான் பேட்டா கட்ட வேண்டும்! சோறு போடாதவருக்கு அவளே சோறு போடுவதா என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன்.

2024 ஜூலை 1 முதல் 125-ஆவது பிரிவு, புதுச் சட்டத்தில் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. எண் மாறினாலும் ஒரு வருஷக் கெடுவும் ஒரு மாத ஜெயிலும் அப்படியே இருக்கின்றன.

நம் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஒரு பெண் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பாக்கி விழுந்தால் வருஷம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். அவர் ஜெயிலுக்குப் போய் வந்துவிட்டார் என்று யார் சொன்னாலும், பாக்கி பாக்கிதான்.

1984-ல் ஜன்னல் வழியாக நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. நாற்பது வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன்.