சட்டை உரியாத பாம்பு, எலியைத் தொடாத பாம்பு: வளர்ப்போர் அறிய வேண்டியவை

ஈப்போ – ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாம்பு என்றால் இரண்டு பாடங்கள்தான் தெரியும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். லயத்துக் கோழிக்கூட்டில் மலைப்பாம்பு புகுந்தால் சத்தம் போட்டு ஆள் திரட்ட வேண்டும். பேராவில் அந்தத் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று பாம்பைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள்.

பாம்பு வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, பாம்பின் சட்டை சரியாக உரியவில்லை. மற்றொன்று, இரையைத் தொட மறுக்கிறது. பெரும்பாலான நேரங்களில் இவ்விரண்டுக்கும் காரணம் பாம்பு அல்ல, அது வைக்கப்பட்டிருக்கும் இடமும் அதற்குக் கொடுக்கப்படும் உணவும்தான்.

எந்தப் பாம்பு?

உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று 'பால் பைத்தான்'. பெயரில் உள்ள 'பால்' குடிக்கும் பால் அல்ல, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மலைப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளமே வளரும். நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழும். நம் தோட்டங்களில் கோழி பிடிக்க வரும் மலைப்பாம்பு வேறு இனம். அது ஆறு மீட்டரையும் தாண்டக்கூடியது. வீட்டில் வளர்க்க ஏற்றதல்ல.

சட்டை எப்படி உரிகிறது?

பாம்பின் மேல்தோல் உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. அதனால் அடியில் புதிய தோல் உருவானதும் பழையதைக் கழற்றிப் போடுகிறது. வளரும் குட்டிகள் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். வளர்ந்த பாம்புகளுக்கு இடைவெளி கூடும்.

முதலில் உடலின் நிறம் மங்கும். பிறகு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர் சுரப்பதால் கண் நீலம் கலந்த வெண்மையாகும். இந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கியிருக்கும், சீறும், ஒளிந்துகொள்ளும். இரை கொடுக்காமலும் கையில் எடுக்காமலும் இருப்பதே நல்லது. கண் மீண்டும் தெளிந்த சில நாட்களில் மூக்கைச் சொரசொரப்பான ஒன்றில் தேய்த்து, காலுறையைக் கழற்றுவதுபோல் தோலை உள்புறம் வெளியே தெரியக் கழற்றிவிடும்.

ஆரோக்கியமான பாம்பின் சட்டை ஒரே துண்டாக வரும். அதை உடனே தூக்கி வீசிவிடாதீர்கள். தலைப்பகுதியில் இரு கண்களுக்கும் உரிய கண்ணாடி போன்ற இரு வட்டங்கள் இருக்கின்றனவா, வால் நுனி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு சேர்ந்தே உரிய வேண்டும். சட்டை இழுபட்டு வருவதால் பாம்பைவிட நீளமாக இருக்கும். தோட்டத்தில் கிடந்த சட்டையை அளந்து 'இவ்வளவு பெரிய பாம்பு' என்று பயந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

ஈரமான ஊரில் ஏன் இந்தச் சிக்கல்?

துண்டு துண்டாக உரிவதற்கு முதல் காரணம் காற்றில் ஈரம் போதாதது. ஈப்போவில் ஈரத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். வெளியில் குறையில்லைதான். ஆனால் தொட்டி இருப்பது பெரும்பாலும் ஏர்கோன் போட்ட படுக்கையறையில். ஏர்கோன் அறையின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. தொட்டிக்கு மேலே சூட்டு விளக்கும் எரிந்தால் உள்ளே இன்னும் காய்ந்துபோகும்.

பால் பைத்தானுக்கு 55 முதல் 70 விழுக்காடு வரை ஈரப்பதம் வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 26 பாகை அளவில் இருந்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். ஈரப்பதமானியும் வெப்பமானியும் தொட்டிக்குள் இருப்பது அவசியம்.

ஈரம் போதுமான அளவு இருந்தும் சட்டை உரியவில்லை என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். நீர் குடிக்காதது, சத்துக்குறை, பழைய காயம், உடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் பாம்பு உண்ணி ஆகியவை அவற்றுள் சில. தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணியாக இருக்கலாம்.

ஒட்டிய தோலை என்ன செய்வது?

கையால் உரிக்கக்கூடாது. உள்ளே இருக்கும் புதிய தோலும் கிழிந்துவிடும். மூடியில் துளையிட்ட ஒரு டப்பாவில் ஈரத் துண்டை விரித்து, வெதுவெதுப்பான அறையில் பாம்பை அதற்குள் அரை மணி நேரம் விடலாம். தண்ணீரில் விடுவதென்றால் வெதுவெதுப்பாகவும் பாம்பின் உடல் பாதி மட்டுமே மூழ்கும் அளவிலும் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். பிறகு ஈரத் துண்டுக்குள் அதை ஊர்ந்து போக விட்டால் ஊறிய தோல் தானே கழன்று வரும்.

இரண்டு இடங்களில் அலட்சியம் கூடாது. வால் நுனியில் வளையமாகத் தங்கும் தோல், ஒவ்வொரு முறையும் சேர்ந்து இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நுனி கறுத்து விழுந்துவிடலாம். கண்ணில் தங்கிய செதிலை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயன்றால் கண்ணே போய்விடக்கூடும். ஈரம் கூட்டி அடுத்த உரிப்பிலும் அது வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அதேவேளையில், ஈரம் வேண்டும் என்று தொட்டியைச் சதா நனைத்து வைப்பதும் தவறு. அடிவயிற்றுச் செதில்கள் அழுகும். சளி பிடித்து மூச்சுத் திணறும்.

எலி எங்கிருந்து வருகிறது?

தோட்டப்புறத்தோடு உறவு விடாத குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, பொறி வைத்துப் பிடித்துப் போட்டால் செலவு மிச்சம் என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை ஒழிக்கத் தோட்டங்களில் இரத்தம் உறையாமல் செய்யும் எலிமருந்து வைக்கப்படுகிறது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் நடமாடும். அதைப் பிடித்துக் கொடுத்தால் நஞ்சு பாம்புக்கும் போகும். எலியை வேட்டையாடக் கூகைகளை வளர்க்கும் தோட்டங்களிலும் இந்தக் கவலை உண்டு. மேலும் காட்டு எலியின் உடலில் புழுக்களும் உண்ணிகளும் இருக்கும். அதைக் கையாளும் மனிதருக்கு, மக்கள் 'கென்சிங் தீக்குஸ்' என்று சொல்லும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரலாம். ஆகவே உணவுக்கென்றே வளர்க்கப்பட்ட எலியை மட்டுமே வாங்க வேண்டும்.

உயிருள்ள எலியைப் போடலாமா என்றால், உறைய வைத்து உருக்கியதே மேல். மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறும். உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் உருக வைத்து, பிறகு பையோடு வெந்நீரில் போட்டு இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டலாம். மைக்ரோவேவில் சூடாக்கக்கூடாது. இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தைத் தாண்டாமல் இருப்பது பொதுவான அளவு. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் ஒன்று போதும். உண்டபின் 48 மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

பாலும் முட்டையும்

கோயில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்பது நம் வழிபாடு. தொட்டியில் இருக்கும் பாம்புக்கு அதையே உணவாக வைப்பது வேறு விஷயம். பாம்பு பாலூட்டி இனம் அல்ல. பாலைச் செரிக்கும் வழி அதற்கு இல்லை. தாகத்தில் வாடிய பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும். அதைப் பார்த்துத்தான் பாம்புக்குப் பால் பிடிக்கும் என்று நம்புகிறோம். அதற்கு வேண்டியது எப்போதும் சுத்தமான தண்ணீர்.

கோழி இறைச்சித் துண்டும் போதாது. எலும்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்ந்த முழு இரையில்தான் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்தும் கிடைக்கும்.

சாப்பிட மறுத்தால்

சட்டை உரிக்கும் காலம், தொட்டியில் குளிர், ஒளிய இடமின்மை, அடிக்கடி கையில் எடுப்பது ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பால் பைத்தான் பல வாரங்கள், சில நேரங்களில் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். அதன் எடையை வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை குறையாதவரை பொறுக்கலாம். எடை இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயோரம் சளி கட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து இரையைத் திணிக்கக்கூடாது.

உரிமம் இல்லாமல் வேண்டாம்

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். வீட்டுக்குள் காட்டுப் பாம்பு புகுந்தால் அதைப் பிடித்து வளர்க்க நினைக்காமல் 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

வளர்க்க முடியவில்லை என்று காட்டில் விடுவதும் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்பு வணிகத்தின் வழி வந்து காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள விலங்குகளை அழித்து வருகின்றன. 2017இல் அவற்றைப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 2023இல் இருவருக்கும் இந்தியா பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பாம்பைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் பாம்பைக் கொடுக்கக்கூடாது. உரிந்த சட்டையின் தேதி, உண்ட இரை, எடை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் அடுத்த முறை சிக்கல் வரும்போது மருத்துவருக்கு அதுவே முதல் உதவியாக இருக்கும்.