காத்திருந்த பதினோராண்டு

ஹந்தானை மலையடிவாரத்துப் பேராதனையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் கம்பளையைக் கடந்து மகாவலிக் கரையிலுள்ள நாவலப்பிட்டியை அடைகின்றது. எம்.ஜி. இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பிறந்தது இவ்வூரிலேயாகும். மலையகத்துச் சலூன்களிலும் தேநீர்க் கடைகளிலும் அவரது படம் தொங்கிய காலத்தில், 'நம்மூர்ப் பிள்ளை' என்னும் உரிமையுணர்வு அதற்குப் பின்னால் இருந்தது. அவ்வுணர்வு மெய்யானது. ஆயின், வெற்றிக்கென்றே பிறந்தவர் என அதனோடு வளர்ந்த கதை வரலாற்றோடு ஒத்துவருவதன்று.

தந்தை கோபாலமேனன் இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்திற் குடியேறினார். கேரளக் குடும்பம், பிறந்தது இலங்கை, பிழைக்க வந்தது தமிழகம். வறுமை இராமச்சந்திரனையும் தமையன் சக்கரபாணியையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்த்தது. பாய்ஸ் கம்பெனி என்பது சோறு போட்டுத் தொழில் கற்பித்த இடம். ஆனால் அங்கும் முதலிடம் பாட்டுக்கே. அதே கம்பெனியிற் பயின்ற பி.யு. சின்னப்பா பாடவல்லவர், அவர் நாயகரானார். இராமச்சந்திரனுக்கு வாய்த்ததோ வாள்வீச்சும் கட்டான உடலுமே.

1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவரது முதற்படம். கதை எஸ்.எஸ். வாசனுடையது, இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். கொலைப்பழிக்கு அஞ்சிய நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டமொன்றிற் கூலியாகின்றான். தேயிலை நாட்டிற் பிறந்த 19 வயது இளைஞருக்கு அதிற் கிடைத்தது பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேடம். இது தற்செயலே. எனினும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தமிழ்ப்படம் அத்துணை முற்பட்டே தொட்டமை மனங்கொள்ளத்தக்கது.

அதன்பின் பதினோராண்டு. 'தக்ஷயக்ஞம்' (1938) படத்தில் விஷ்ணு, 'அசோக்குமார்' (1941) படத்திற் படைத்தளபதி, 'மீரா' (1945) படத்தில் மீண்டும் ஒரு துணை வேடம். நாயகனாகத் தெரிவான 'சாயா' இடைநடுவே கைவிடப்பட்டது. இதனைத் திறமைக் குறைவு என்பது பொருந்தாது. அந்நாளையத் தமிழ்த்திரை, படச்சுருளில் ஏற்றப்பட்ட சங்கீத நாடகமாகவே இருந்தது. தியாகராஜ பாகவதரின் குரலுக்காகக் கொட்டகை நிறைந்தது. வாள் வீசுபவனுக்கு அங்கு வேலையில்லை. எனவே நடிகர் மாறுவதற்கு முன் ஊடகம் மாறவேண்டியிருந்தது.

அது மாறிற்று. 1944இன் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கிற் பாகவதர் கைதானார். விடுதலையான பின்னரும் பழைய செல்வாக்கு அவருக்குத் திரும்பவில்லை. பின்னணிப் பாடகர் குரல் கொடுக்கும் முறையும் பரவியது. பாட்டு நடிகனின் தொண்டையை விட்டு நீங்கியதும் வசனமும் சண்டையும் முன்னுக்கு வந்தன. ஜூபிடர் நிறுவனம் 1947இல் எடுத்த 'ராஜகுமாரி'யில் ஏ.எஸ்.ஏ. சாமி அவரைக் கதாநாயகனாக்கினார். முதலிற் சின்னப்பாவையே கருதினர் என்பர். அப்போது அவருக்கு வயது 30.

அதுவும் முடிவான வெற்றியன்று. மறுவருடமே பாகவதரின் 'ராஜமுக்தி'யில் மீண்டும் துணை வேடம். 1950இல் 'மந்திரிகுமாரி', அதனை இயக்கியவருள் ஒருவர் அதே டங்கன். 'மலைக்கள்ளன்' (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதில் அவருக்காகப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். எந்தக் குறை அவரைப் பதினோராண்டு பின்னிறுத்தியதோ, அது பிறர் குரலால் நிறைவெய்தியது. 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார்.

நாவலப்பிட்டியின் உரிமையுணர்வுக்கு மீள்வோம். 'ராஜகுமாரி'க்கு அடுத்த ஆண்டு, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி இம்மண்ணிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும். இங்கேயே தங்கியிருந்தால் மரபுவழிக் குடியுரிமை கோபாலமேனனின் மகனுக்கும் கிட்டியிராது. திரையில் அவரைக் கண்டு கைதட்டிய தோட்டத்து மக்களின் நிலை அதுவே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1977இல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானபோதும் அவர்கள் தலைமன்னாரிற் கப்பலேறிக் கொண்டேயிருந்தனர்.