குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகாத கடலூர்க்காரர் இருக்க முடியாது. சுண்டல் வாங்கித் தின்னு, அலையில் கால் நனைச்சுட்டுத் திரும்பிடுவோம். பக்கத்திலேயே ஒரு கோட்டை இருந்தது என்பது கல்லூரி முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. ஆனால் ஆயா மட்டும் அடிக்கடி சொல்வார்: "நம்ம ஊரு குண்டு விழுந்த ஊருடா." ஏதோ போர்க்கதை என்று விட்டுவிட்டேன்.

அது போர்க்கதை இல்லை, கிரயக்கதை. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் ராஜாராமின் தரப்பிடமிருந்து, கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறு கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் எலிஹு யேல். ஆமாம், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள்தான். கோட்டையோடு சுற்றுநிலமும் சேர்த்துப் பேச்சு. எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம். சுற்றிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவற்றுக்கு 'குண்டு கிராமம்' என்றே பெயர் நின்றது. அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்கள் காலையில் ஒருவருக்கு வரி கட்டுபவர்கள். குண்டு விழுந்தபின் இன்னொருவருக்கு.

கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை விழுந்தபோது, மாறுவேடத்தில் தப்பிய ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்தது இங்கேதான். சில ஆண்டுகள் தெற்கில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, இடித்துத் தள்ளினார். இன்று மிஞ்சியிருப்பது சிதைந்த செங்கல் கட்டுமானமும் புதரும்தான்.

"இதைத் திரும்பக் கட்டினா டூரிஸ்ட் வருவாங்கல்ல?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. சிதம்பரத்தைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டையைத் தமிழ்நாடு தொல்லியல் துறையும் ஒரு டேனிஷ் அமைப்பும் சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சுவர் நின்றது, அதனால் பழுதுபார்க்க முடிந்தது. இங்கே கட்டினால் அது பழுதுபார்ப்பு ஆகாது, சினிமா செட் ஆகும்.

சிதம்பரத்தைப் பாருங்கள். நடராசர் கோயிலின் மதில்களும் ஒருகாலத்தில் கோட்டையாகவே பயன்பட்டன. 1781 ஜூனில் அதற்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. தாக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். அடுத்த மாதம் முதல் தேதி பரங்கிப்பேட்டையில் அவர் ஹைதரை வென்றது தனிக்கதை. படைகள் போயின, கோயில் கோயிலாகவே தொடர்ந்தது. திருப்பணி, கும்பாபிஷேகம் என்று ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் கையால் புதுப்பித்தது. ஆள் புழங்கிய இடம் நிலைத்தது. செயின்ட் டேவிட்டில் வேலை முடிந்ததும் கம்பெனி கிளம்பிப் போய்விட்டது. அழுவதற்கு இங்கே யாருக்கும் காரணம் இல்லை.

அதனால் நான் கேட்பது கோட்டையை அல்ல. மிச்சமிருக்கும் செங்கல் மேலும் சரியாமல் காக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வரைபடம் வைக்க வேண்டும், அதில் குண்டு கிராமங்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் இருக்க வேண்டும். யேல், கிளைவ், லாலி பெயரெல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆயாவின் ஊர் எப்படிக் கைமாறியது என்பது அவர் வாயில்தான் இருந்தது. போன தையில் அவரும் போய்விட்டார்.