மேற்குச் சென்னைப் புறநகர் ஊர்கள்

பாடி, அம்பத்தூரில் தொடங்கி மேற்கே ஆவடி, திருநின்றவூர் வரையிலும் தெற்கே பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் வரையிலும் பரந்து கிடக்கும் ஊர்களின் தொகுதி. நிர்வாகக் கணக்கில் இது ஒரே ஊர் அல்ல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சிகள். தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்றுதான் இப்பகுதி பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் நாயன்மார் இருவர், ஆழ்வார் ஒருவர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் ஆகியோரின் ஊர்கள் இந்தச் சிறு வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

இங்கே போக்குவரத்து கிழக்கு மேற்காகவே வளர்ந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த ஊர்களைக் கடந்துதான் போனது. இன்று சென்ட்ரலில் ஏறினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று மின்சார ரயில் வரிசையாக நிற்கும். தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும் போகிற பழைய தடம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போவதுதான் பாடு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாக அந்தக் குறையை ஓரளவு தீர்த்தாலும், ரயில் பாதை ஊர்களை ஒரு நாளும் சாலை ஊர்களை மறுநாளும் பார்ப்பதே உத்தமம். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கின்றன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பாடி என்றதும் நினைவுக்கு வருவது லூகாஸ் டி.வி.எஸ். நிறுத்தம். அதே பாடிதான் சம்பந்தர் பாடிய திருவலிதாயம். இங்குள்ள வல்லீசுவரர் கோயிலிலும் அடுத்து வரும் திருமுல்லைவாயிலிலும் கருவறையின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் எனப்படும் இந்த அமைப்பு தொண்டை நாட்டுக் கோயில்களில் அடிக்கடி காணக் கிடைப்பது. அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வராமல், வெளிப் பிராகாரத்தைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். புழல் கோட்டையில் இருந்த குறும்பரோடு போரிடப் போன தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் சிக்கியது. அவன் வாளால் கொடியை வெட்ட, அடியில் இருந்த லிங்கத்திலிருந்து ரத்தம் பெருகியது என்பது தலபுராணம். வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். அரசனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்பதால் நந்தி சிவனைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு சந்நிதி முன் இருக்கின்றன. எருக்கு தூணாகும் அளவுக்குப் பருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளலாம். பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர் திருவுடையம்மனைக் காலையிலும், திருவொற்றியூர் வடிவுடையம்மனை உச்சியிலும், இங்குள்ள கொடியிடையம்மனை மாலையிலும் தரிசிப்பது வழக்கம். அன்று இவ்வூர்ப் பக்கம் கூட்டம் தாங்காது.

அம்பத்தூரின் புதிய வரலாறு சைக்கிளில் வந்தது. 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே தொழிற்சாலை அமைத்தது. 1964-இல் தொழிற்பேட்டை உருவானதும் லேத் பட்டறைகளும் வார்ப்பட ஆலைகளும் பெருகின. உள்ளூரில் ‘எஸ்டேட்’ என்றாலே இதுதான். பழைய குடியிருப்பு ‘ஓ.டி.’. எஸ்டேட்டின் ஒரு பகுதி இப்போது ஐ.டி. வளாகமாக மாறிவிட்டது.

ஆவடி 1955 ஜனவரியில் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. யு. என். தேபர் தலைமையில் இங்கு கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அப்போது பிரதமர் நேரு, சென்னை மாநில முதல்வர் காமராஜர். ஆறே ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளியேறியது. வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நீண்ட மதிற்சுவரையும் ஷிப்ட் விடும் நேர நெரிசலையும் பார்க்கலாம். ஓய்வுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா உண்டு. அடுத்துள்ள பட்டாபிராமில் 2024-இல் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது.

திருநின்றவூரில் இரண்டு கோயில்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. தாயாரின் பெயர் என்னைப் பெற்ற தாயார். திருமங்கையாழ்வார் இவ்வூரைப் பாடாமலே கடந்து போய்விட, பாட்டு வாங்கி வரும்படி தாயார் பெருமாளை அனுப்பினாராம். அதற்குள் ஆழ்வார் கடல்மல்லை சேர்ந்திருந்தார். அங்கே ஒரு பாசுரம் கிடைத்தது. ‘ஒன்றுதானா?’ என்று தாயார் திருப்பி அனுப்ப, திருக்கண்ணமங்கையில் இன்னொன்று. மற்றது இருதயாலீசுவரர் கோயில். கையில் காசில்லாத பூசலார் மனத்திலேயே கோயில் கட்டி நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த காடவர்கோனின் கனவில் சிவன் தோன்றி, வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். இதய நோய் உள்ளவர்கள் இன்று இங்கே வேண்டிக்கொள்ள வருகிறார்கள்.

சாலை வழி ஊர்களில் திருவேற்காட்டுக்குப் பெரும்பாலோர் வருவது கருமாரியம்மனுக்காக. ஆடி மாதம் முழுக்கத் திருவிழாதான். சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் அந்தப் பரபரப்புக்கு வெளியே இருக்கிறது. சூதாடி வென்ற காசில் அடியார்களுக்குச் சோறு போட்ட மூர்க்க நாயனார் பிறந்ததும் இவ்வூரில்தான். பூந்தமல்லி, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியின் ஊர். ராமானுஜர் குருவாக மதித்த இவர் வணிகர் குலத்தவர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தீர்ப்புச் சொன்ன தனி நீதிமன்றமும் இங்குதான் இருந்தது. மேற்கே சற்றுத் தள்ளித் திருமழிசை, அதே பெயருள்ள ஆழ்வாரின் அவதாரத் தலம். மாங்காட்டில் காமாட்சி ஐந்து தீயின் நடுவே ஒற்றைக் காலில் தவமிருக்கிறாள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே இந்த எண்களைச் சென்னைவாசிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஏரியை அடுத்த குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தின் மேல் கொண்ட ஈடுபாட்டால், அதே பெயரில் ஒரு கோயிலை அவர் இங்கும் எழுப்பினார். ராகு தலமாக அது இன்று வழிபடப்படுகிறது. குன்றின் மேலுள்ள முருகன் கோயிலில் சந்நிதிக்கு நேரே நின்றால் முருகன் மட்டுமே தெரிவார். ஒரு பக்கம் ஒதுங்கினால் வள்ளியும் மறுபக்கம் ஒதுங்கினால் தெய்வானையும் உடன் தெரிவார்கள். கிருத்திகையன்று போனால் அப்படி ஒதுங்கிப் பார்க்க இடம் கிடைக்காது.