புனமும் யானையும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் வாழும் நம்மவர்க்குத் தேவராஜ மார்க்கெட் வீட்டுக் கொல்லையைப் போன்றது. அங்கே குவிந்து கிடக்கும் முட்டைக்கோசையும் தக்காளியையும் பேரம் பேசி வாங்குகிறோம். அவை விளைந்த நிலத்திற்கு இரவில் யார் யார் வந்து போயினர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தாளவாடியில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி பயிரிடும் என் தாய்மாமன் வீட்டில் ஒரு விடுமுறையின்போது தங்கும் வரையில் நானும் எண்ணியதில்லை.

விடியற்காலையில் அவர் என்னை எழுப்பித் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அறுவடைக்கு நான்கு நாளே எஞ்சியிருந்த கோசுப் பாத்திகளின் நடுவே, முறத்தின் அகலத்திற்குக் காலடித் தடங்கள்!

"எத்தனை வந்திருக்கும் மாமா?"

"பெருசு ரெண்டு, குட்டி ஒண்ணு மாப்பிள்ளை. தின்னது கொஞ்சந்தான். மிதிச்சதுதான் போச்சு."

மாமா பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். ஆயினும் அவர் கூறியது, பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அதே செய்தி. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தால் நூறு வயலும் போதா, உண்பதினும் மிதித்துக் கெடுப்பதே மிகுதி என்பது அப்புறப்பாட்டின் கருத்து. புலவர் இதை அரசன் வரி வாங்கும் முறைக்கு உவமையாக்கினார். மத்திய அரசின் சம்பளத்தில் வாழும் நான் அவ்வுவமைக்கு உரை விரிப்பது அழகன்று. ஆனால் ஒன்று சொல்லலாம்: யானை புகுந்த வயலின் வரப்பில் நின்று பார்த்தவர்க்கன்றி அவ்வுவமை தோன்றியிராது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரண்மீதிருந்து தினைப்புனம் காக்கின்றனர். தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் கிளிகளை ஓட்டுகின்றனர். பின்னர்ச் சினங்கொண்ட களிறு ஒன்று வர, தலைவன் அம்பெய்து விரட்டுகிறான். மலைபடுகடாமோ பன்றிக்கு அஞ்சிப் புனத்தின் புழைதோறும் கற்பொறி வைத்ததைக் காட்டுகிறது. இவற்றைக் காதலுக்கும் ஆற்றுப்படைக்கும் அமைந்த பின்னணி என்று மட்டுமே நாம் கற்றோம். இரவெல்லாம் கண்விழித்த ஓர் உழவர் குலத்தின் வரலாறும் இவற்றில் உண்டு என்பதைத் தாளவாடியில்தான் உணர்ந்தேன்.

தாளவாடிக்கு வடக்கே சிறிது தொலைவில் சாமராஜநகர் இருக்கிறது. மைசூர் அரசின் கால்வாய்ப் பணியில் இருந்த சாண்டர்சன் என்னும் ஆங்கிலேயர், 1874இல் அப்பகுதியில் ஒரு யானைக் கூட்டத்தையே வளைத்துப் பிடித்தார். இதற்குக் கெட்டா என்று பெயர். கூட்டத்தைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, நெருப்பாலும் பேரொலியாலும் வெருட்டி, அகழியும் மரவேலியும் சூழ்ந்த அடைப்புக்குள் செலுத்திக் கதவை இறக்கிவிடுவர். பின்னர்ப் பழகிய யானைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டுவர். அவருக்கு நூறாண்டு முன்னர் ஹைதர் அலி காக்கனகோட்டைக் காட்டில் இதை முயன்று தோற்றார். இனி முயல்வோர்க்குச் சாபமிட்டுக் கல்லும் நாட்டினார் என்று சாண்டர்சன் 1878இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். சாபம் பலிக்கவில்லை. அதே காக்கனகோட்டையில் யானைகளைக் கபினி ஆற்றைக் கடக்கச் செய்து பிடிக்கும் கெட்டாக்கள், அரச விருந்தினர் கண்டு மகிழும் பெருவிழாக்களாயின. வயலை மிதித்த யானை அரண்மனைக்கும் ஏலத்திற்கும் போயிற்று. மிதிபட்ட வயலுக்குரியவர் அவ்விழாவில் எங்கே நின்றார் என்று நான் தேடியும் காணவில்லை.

கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் பந்திப்பூர் புலிகள் காப்பகமாயிற்று. காக்கனகோட்டைக் காட்டின் ஒரு பகுதி கபினி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. தாளவாடியைச் சூழ்ந்த சத்தியமங்கலக் காடும் 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. இச்சட்டங்கள் வேண்டியவையே, யானையைப் பிடித்து விற்ற காலம் திரும்ப வேண்டாம். ஆயினும் காட்டின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. யானையின் வழியோ அதன் தாய் நடத்திச் சென்ற வழி. நகரத்தாராகிய நமக்கும் இது ஒருநாள் தெரிந்தது. 2011 ஜூன் 8ஆம் நாள் இரு காட்டு யானைகள் மைசூர் நகருக்குள்ளேயே புகுந்தன, ஒருவர் உயிரிழந்தார். மயக்க ஊசியிட்டு யானைகளைக் காட்டுக்குக் கொண்டு சென்றனர். அன்று கதவடைத்து உள்ளே இருந்தது நமக்கு ஒரு நாள் கதை.

மாமாவுக்காக இழப்பீட்டு விண்ணப்பத்தை நானே எழுதினேன். என் தொழில் அதுதானே. பயிர், பரப்பு, மதிப்பு என்று நிரப்பினேன். கண்விழித்த இரவுகளைக் குறிக்க அதில் இடமில்லை. "யானை மேல கோவமா மாமா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன தெரியும்? காட்டுல தண்ணி இருந்தா இங்க ஏன் வருது?" என்றார்.

அன்றிரவு அவருடன் நானும் பரணில் ஏறினேன். தழலும் தட்டையும் இல்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு தகர டப்பா, நான்கு பட்டாசுகள் இருந்தன. நள்ளிரவுக்குப்பின் கிழக்கேயுள்ள தோட்டத்தில் தகரம் தட்டும் ஒலி எழுந்தது. மாமா டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.