எம்பார்கோ: கப்பலை நிறுத்திய சொல்

வணிகத் தடையைக் குறிக்கும் ‘எம்பார்கோ’ என்னும் ஆங்கிலச் சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. தடுத்து வைத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். கடனாளியின் சொத்தை நீதிமன்றம் முடக்குவதற்கு இன்றும் ஸ்பானிய மொழியில் அதுவே பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் சரக்கை அன்று, கப்பலையே சுட்டியது: துறைமுகத்தில் நிற்கும் கலம் வெளியேறக் கூடாது என்னும் அரசாணை. பிற நாட்டுக் கலங்களைப் பிடித்து வைப்பதும் தன் நாட்டுக் கலங்களை நிறுத்துவதும் அதில் அடங்கும்.

இவற்றுள் இரண்டாவது பொருள் இன்று மறக்கப்படுகிறது. முற்றுகை எதிரியின் கரையில் நடப்பது. எம்பார்கோ தன் கரையில் நடப்பது. ஆணை எதிரியை நோக்கியதாயினும், அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் சொந்த வணிகரே. இவ்வேறுபாடு வெறும் அகராதிச் செய்தி அன்று. கியூபா மீதான நடவடிக்கையை வாஷிங்டன் எம்பார்கோ என்கிறது. ஹவானா முற்றுகை என்கிறது. தமிழ் இதழ்களோ பெரும்பாலும் ‘பொருளாதாரத் தடை’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றன.

பிரிட்டனையும் பிரான்சையும் பணியவைக்க 1807 டிசம்பரில் ஜெபர்சன் அமெரிக்கக் கப்பல்கள் அயல்நாடு செல்வதைத் தடுத்தார். சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டில் 2.2 கோடியாகச் சரிந்தது. எதிர்ப்பாளர்கள் அச்சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக்கி ‘ஓ கிராப் மி’, அதாவது ‘ஓ, என்னைப் பிடி’ என்று கேலி செய்தனர். வேர்ப்பொருளை அறிந்து செய்தார்களோ இல்லையோ, கேலி அதைச் சரியாகவே தொட்டது. 1809 மார்ச்சில் சட்டம் கைவிடப்பட்டது.

இந்தியாவின் எம்பார்கோ இதனின்றும் வேறானது. நேட்டால், டிரான்ஸ்வால் பகுதி இந்தியரின் நில உரிமையைச் சுருக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1946இல் இயற்றியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் இந்தியா அந்நாட்டுடனான வணிகத்தை நிறுத்தியது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. அப்போது விடுதலை கிட்டவில்லை. இடைக்கால அரசுகூட அமையவில்லை. இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்காவுக்கே சென்றுகொண்டிருந்தது. சணல் சாக்குகள் அதில் முக்கியமானவை. இழப்பு கண்கூடு. ஆயினும், ஜெபர்சனின் தடை பதினைந்து மாதங்கள்கூடத் தாங்காதிருக்க, இது 1993 வரை நீடித்தது.